சார்ந்திருக்கும் உயிர்

சென்ற வாரம் உண்ட சோற்றைச் செரித்த குடல் இன்று நம்மிடம் இல்லை. குழாய் இருக்கிறது; தசையும் நரம்பும் இரத்த நாளமும் இருக்கின்றன. உணவைத் தொட்டு, அதன் சாரத்தை உறிஞ்சி உள்ளே அனுப்பிய அந்த ஒற்றை அடுக்குச் செல்கள் மட்டும் உதிர்ந்து, கழிவோடு கழிவாகப் போய்விட்டன. 3 முதல் 5 நாட்களுக்குள் சிறுகுடலின் உட்படலம் ஏறக்குறைய முழுவதும் புதிதாகிவிடுகிறது. மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லெப்லோன் 1948இல் வெள்ளை எலிகளின் குடலில் இப்படி ஓயாமல் நடக்கும் புதுப்பித்தலைக் கணக்கிட்டுச் சொன்னார். வளர்ந்து முடிந்த உடலுக்குள்ளும் பிறப்பும் இறப்பும் ஓயவில்லை என்பது அன்று கண்கூடாயிற்று.

இதைக் கேட்டவுடன் நம் மனம் நிலையாமையை நோக்கிப் போகும். அந்தப் பாதை நமக்குப் பழகியது. ஆனால் இங்கே நாம் நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தோன்றுகிறது. இத்தனை அழிவுக்கு நடுவிலும் குடல் குடலாகவே இருக்கிறதே, அதைத் தாங்குவது எது?

விடை சற்றுக் கீழே இருக்கிறது. குடலின் உட்பரப்பில் நிமிர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகளைப் பள்ளிப் பாடத்தில் படம் வரைந்திருக்கிறோம். அவற்றின் காலடியில் நுண்ணிய குழிகள் உண்டு. 1745இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லீபர்கூனின் பெயரால் அவை வழங்குகின்றன. எலியின் சிறுகுடலில் அப்படியொரு குழியின் அடிப்பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால், பருத்த செல்கள் சில தெரியும்; அவற்றின் உச்சியில் மணிமணியாகத் துகள்கள் நிறைந்திருக்கும். அவை பேனத் செல்கள். அவற்றின் இடுக்குகளில், நெருக்கப்பட்டு மெலிந்து, சுமார் 15 செல்கள் ஒடுங்கி நிற்கும். பார்வைக்கு எளியவையான அவைதான் குருத்தணுக்கள் என்னும் ஸ்டெம் செல்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் பார்க்கரும் ஹான்ஸ் கிளெவர்சும் 2007இல் அவற்றை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்டினார்கள். அவை நாளுக்கு ஏறக்குறைய ஒருமுறை பிளவுபடுகின்றன. பிறந்தவை மேலே தள்ளப்படுகின்றன. ஏறும் வழியிலேயே சில உறிஞ்சும் வேலையையும், சில சளி சுரக்கும் வேலையையும் ஏற்கின்றன. உச்சியை அடைந்ததும் உதிர்கின்றன.

ஒரு செல் மட்டும் குருத்தாக நிலைத்திருக்க, அதன் உடன்பிறப்பு ஏன் மேலேறி உதிர வேண்டும்? பிறப்பிலேயே ஏதோ ஒரு தனித்தகுதி அதற்கு வாய்த்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். 1978இல் மான்செஸ்டரில் ரே ஸ்கோஃபீல்டு, இரத்தத்தை உண்டாக்கும் செல்களைப் பற்றி எழுதுகையில் வேறொரு கருத்தை வைத்தார்: அந்தத் தகுதி செல்லுக்குள் இருப்பதைவிட அது இருக்கும் இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தை விட்டு நீங்கினால் தகுதியும் நீங்கும். குடலில் இந்தக் கருத்து மிகத் தெளிவாக விளங்கிற்று. 2010இல் வெளிவந்த ஆய்வில், எலிக் குடலின் ஸ்டெம் செல்கள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறம் ஏறும்படி செய்து காத்திருந்தார்கள். தொடக்கத்தில் பல நிறம் கலந்திருந்த குழிகள் காலப்போக்கில் ஒவ்வொன்றும் ஒரே நிறத்துக்கு மாறின. பிளவுபட்டுப் பிறக்கும் இரண்டும் சமம். அடியில் இடம் கிடைத்தது தங்குகிறது, கிடைக்காதது ஏறுகிறது. மூத்தது, இளையது, உரியது என்ற வேறுபாடு எதுவும் இல்லை. 2012இல் இன்னொன்றும் தெரிந்தது. கதிர்வீச்சால் ஸ்டெம் செல்கள் மடிந்துபோனால், ஏற்கெனவே வேறு தொழிலுக்கு உறுதியாகிவிட்டவை என்று கருதப்பட்ட செல்கள் சில குழியின் அடிக்குத் திரும்பி, குருத்தின் பொறுப்பை மீண்டும் ஏற்றுக்கொள்கின்றன.

தகுதி பிறப்பால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பி, அந்த நம்பிக்கையைக் கொண்டே எண்ணற்ற மனிதரைத் தாழ்த்தி வைத்த சமூகம் நம்முடையது. செல்லின் நடத்தையிலிருந்து சமூகத்துக்கு நேரே நீதி வகுப்பது பிழை. இயற்கையைச் சாட்சிக்கு அழைத்துக் கொடுமைகளை நியாயப்படுத்தியவர்களும் அந்த வழியில்தான் போனார்கள். ஆயினும், ஒன்று இப்படி இருப்பதற்கு அது இப்படிப் பிறந்ததே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டும் நம் மனப்பழக்கத்தை இந்தக் குழி கொஞ்சமாவது அசைக்க வேண்டும்.

அந்த இடம் அப்படி எதைத்தான் தருகிறது? பிளவுபடு என்னும் செய்தியைத் தாங்கிய விண்ட் என்ற புரதத்தைத் தருகிறது. நீ இன்னும் முதிராதே என்னும் செய்தியைத் தருகிறது. மேலே குடலுறிஞ்சிகளின் பக்கமிருந்து, வளர்ந்தது போதும், முதிர்ந்து தொழிலைப் பார் என்று பி.எம்.பி. புரதங்களின் வழியே வரும் ஆணையைக் குழியின் அடியில் தடுத்து நிறுத்தும் பொருள்களையும் தருகிறது. இவற்றுள் விண்ட் புரதத்தின் போக்கு குறிப்பிடத்தக்கது. அது நெடுந்தொலைவு பாய்வதில்லை. பேனத் செல்லிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துச் செல்லின் உடல்மீது ஏறி ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல் பிளவுபடப் பிளவுபட, பங்கிடப்பட்டு நீர்த்துப் போகிறது. தொடும் தூரத்தில் இருப்பவர்க்கே அந்த ஆதரவு. சற்று விலகினாலும் அது மெலிகிறது. செல்லின் எதிர்காலம் இப்படி ஒரு மயிரிழைத் தொலைவுக்குள் முடிவாகிறது.

இனி இந்தச் செய்தியின் நடுநாயகமான உண்மைக்கு வருவோம். தாங்கும் அந்தப் பேனத் செல்கள் எங்கிருந்து வந்தன? அதே ஸ்டெம் செல்களின் வயிற்றில் பிறந்தவை அவை. உடன்பிறந்தவையெல்லாம் மேலேறிச் சில நாட்களில் உதிர, இவை மட்டும் கீழிறங்கி, வாரக்கணக்கில் வாழ்ந்து, தம்மைப் பெற்றவற்றின் அண்டையாக நிற்கின்றன. சூழல் என்றதும் நமக்கு முன்பே வெளியே அமைந்துவிட்ட ஒன்றாக, நாம் வந்து குடியேறும் இடமாகவே அதை நினைக்கிறோம். இங்கே குடியிருப்பவரே தாம் இருக்கும் இடத்தைப் பெற்றெடுக்கிறார். பெற்றெடுத்த இடமே அவரைப் பேணுகிறது. இவற்றில் எது முந்தியது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. இந்த ஏற்பாடு ஒரே துணையை நம்பி நிற்பதும் இல்லை. பேனத் செல்களை முழுவதும் நீக்கிய எலிகளிலும் குழிகள் அழியவில்லை. படலத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் இணைப்புத் திசுவின் செல்களும் விண்ட் வகைப் புரதங்களைச் சுரந்து தாங்குகின்றன. ஒரு கை தளர்ந்தால் மறு கை ஏந்திக்கொள்கிறது.

இதற்கு மாறாகத் தோன்றும் சோதனை ஒன்று உண்டு. தோஷிரோ சாத்தோ என்ற ஜப்பானிய மருத்துவர் உட்ரெக்டில் கிளெவர்சின் ஆய்வகத்தில் இருந்தபோது, ஒற்றை ஸ்டெம் செல்லைக் குடலிலிருந்து பிரித்தெடுத்து, உடலுக்கு வெளியே ஒரு களியில் வைத்து வளர்த்தார். 2009இல் அது வெளியானது. செல் பிளந்து உருண்டையாயிற்று. உருண்டையில் மொட்டுகள் அரும்பின. ஒவ்வொரு மொட்டும் ஒரு குழியாயிற்று. குட்டிக் குடல் ஒன்று உருவாயிற்று. அப்படியானால் செல் தனியே நின்றுவிட்டதா? கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தக் களி, உடலில் செல்கள் கால் ஊன்றி நிற்கும் அடித்தளப் படலத்தின் புரதங்களால் ஆனது. அதனோடு மூன்று புரதங்களைச் சாத்தோ சேர்த்திருந்தார்: ஒன்று வளர்ச்சியைத் தூண்டுவது, ஒன்று விண்ட் செய்தியை வலுப்படுத்துவது, ஒன்று மேலிருந்து வரும் முதிர்வு ஆணையைத் தடுப்பது. இழந்த ஊரின் இடத்தில் ஆய்வாளரின் கை நின்றது. அப்போதும் பிரித்தெடுத்த செல்களில் மிகச் சிலவே பிழைத்தன. 2011இல் ஸ்டெம் செல்லோடு ஒரு பேனத் செல்லையும் சேர்த்து வைத்தபோது பிழைத்தவை பல மடங்கு பெருகின. பக்கத்தில் ஒரே ஒரு துணை, அவ்வளவுதான் வேறுபாடு. தனியே வைத்ததில் பிழைத்தவையும் முதற்காரியமாகச் செய்தது என்ன? மொட்டு அரும்பும் இடத்தில் தமக்கென ஒரு பேனத் செல்லைப் பெற்றுக்கொண்டதுதான்.

சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைச் சொல்லும்போது ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்கிறது. உயிர் எதையும் சாராமல் தனித்து நிற்கும் பொருள் அன்று. மலம் என்னும் உயிரின் கட்டைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். ஆன்மாவைக் குறித்து ஞானிகள் சொன்னதை நுண்ணோக்கி மெய்ப்பித்துவிட்டது என்று கொண்டாடுவது இரண்டுக்குமே பெருமை சேர்க்காது. ஆனால் அந்தத் தத்துவத்தில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கும் நுட்பம் ஒன்று உண்டு. வீடுபேற்றிலும் அங்கே சார்பு ஒழிவதில்லை. கட்டில் இருந்தபோது ஒன்றைச் சார்ந்த உயிர், விடுபட்டபோது வேறொன்றைச் சார்கிறது; சார்பு மாறுகிறதே தவிர, எதையும் சாராத நிலை என்று ஒன்று உயிருக்குச் சொல்லப்படவே இல்லை. விடுதலை என்றால் யாருடைய தயவும் தேவைப்படாமல் வாழ்வது என்று பொருள் கொண்டுவிட்ட இந்தக் காலத்தில் இருந்துகொண்டு இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், யாருடைய தயவும் வேண்டாத செல் எப்படி இருக்கும் என்று நாம் பார்த்துவிட்டோம். 2015இல் கிளெவர்சின் குழு உட்ரெக்டிலும், சாத்தோவின் குழு ஜப்பானிலும், மனிதக் குடலின் நலமான செல்களை எடுத்து, பெருங்குடல் புற்றில் வழக்கமாகப் பழுதுபட்டிருக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக மாற்றின. ஏ.பி.சி. என்ற மரபணு பழுதானதும் செல்லுக்கு விண்ட் செய்தி வெளியிலிருந்து வரத் தேவையில்லாது போயிற்று. பிளவுபடு என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. கே-ராஸ் மாறியதும் வளர்ச்சித் தூண்டுதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்மாட்-4 பழுதானதும் முதிர்ந்துவிடு என்ற ஆணை காதில் விழுவதே இல்லை. இவற்றோடு, பழுதுபட்ட செல்லைத் தடுத்து நிறுத்தும் பி-53 மரபணுவும் போய்விட்டால், அந்தச் செல்கள் வளர்ப்புக் கரைசலில் எந்தத் துணைப் பொருளும் இன்றித் தாமே வளர்ந்தன. எலியின் உடலில் வைத்தபோது கட்டியாயின. பற்று ஒவ்வொன்றையும் அறுத்துக்கொண்டு வரும் செல்லின் இந்தப் பயணத்தைத் துறவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். துறவி ஆசையைத் துறந்தவர். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பிறர் வாசலில் நிற்பதை அவர் துறக்கவில்லை. இந்தச் செல்லோ ஆசையை வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரை மட்டும் துறந்தது. அண்டையாரிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதான் அதன் நலம் என்பதும், அவர்கள் போதும் என்றபோது நிற்க முடிந்ததுதான் அதன் ஒழுங்கு என்பதும், கேட்கும் செவியை அது இழந்த பிறகே நமக்கு விளங்குகின்றன.

குழியைச் சுற்றி இன்னொரு சூழல் இருக்கிறது. அதைச் சுற்றி மற்றொன்று. உணவு குறைந்தால் குடல் என்ன செய்கிறது என்று எலிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். தீனியைக் குறைத்தபோது ஸ்டெம் செல்கள் பெருகின. ஆனால் அந்தப் பசியை முதலில் உணர்ந்து செய்தி அனுப்பியவை பக்கத்துப் பேனத் செல்கள். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் செரிக்காத நார்ப்பொருளை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. அங்குள்ள குழிகளின் மேலே இருக்கும் முதிர்ந்த செல்களுக்கு அதுவே முதன்மை உணவு. அடியில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்கோ அது பிளவுபடுதலைத் தடுக்கும் பொருள். மேலே இருப்பவை அதை உண்டு தீர்த்துவிடுவதால் கீழே இருப்பவை காக்கப்படுகின்றன. முதிர்ந்தவரின் பசி இளையவர்க்குக் காவலாகிறது. குழி குழியாக இருப்பதன் பயனும் இதில் ஒரு பங்கு.

இப்படிச் சூழலுக்கு வெளியே சூழலாகப் போனால் கடைசியில் ஊருக்கு வந்து சேர்கிறோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் 1960களில் தென்னிந்தியரின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். நோய் எதுவும் இல்லாதவர்கள் என்று கருதப்பட்டோரின் குடலுறிஞ்சிகளும் மேலைநாட்டு நூல்களில் கண்டபடி விரல் வடிவில் நீண்டு நிற்கவில்லை. தட்டையாகி, இலைபோலவும் வரப்புபோலவும் இருந்தன. இது இந்த மக்களின் பிறவி அமைப்பா? வெப்பநாட்டுக் குழந்தைகள் பிறக்கும்போது அவர்களின் குடலுறிஞ்சிகள் விரல் வடிவில்தான் இருக்கின்றன. மண்ணில் வாழத் தொடங்கிய பிறகுதான் மாறுகின்றன. மறுபக்கத்துச் சான்றும் கிடைத்தது. அதே காலத்தில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கு வந்து தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலை ஜான் லிண்டன்பாம் ஆராய்ந்தார். அங்கு வாழ்ந்த காலத்தில் அவர்களின் குடலுறிஞ்சிகளும் குட்டையாயின. நாடு திரும்பியபின் மெல்ல மெல்லப் பழைய வடிவுக்கு மீண்டன. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வாறே மாறியது. கழிவு கலந்த நீரின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும் கிருமிகள் உச்சிச் செல்களை விரைந்து உதிரச் செய்ய, குழியின் அடியில் இருப்பவை ஈடு கொடுக்க முயன்று முயன்று, குழி ஆழமாகவும் உறிஞ்சி குட்டையாகவும் ஆகிவிடுகின்றன. உண்ட உணவில் ஒரு பகுதி உடலில் சேராமல் போகிறது. ஊர் எப்படி இருக்கிறதோ அதன் வண்ணமாகவே அங்கு வாழ்பவரின் குடலும் அமைந்துவிடுகிறது. அந்தத் தொண்டர்களுக்குத் திரும்பிப் போக இன்னொரு ஊர் இருந்தது, இங்கே பிறந்த குழந்தைக்கு இல்லை.

எனவே ஊரை மாற்றலாம் என்று முயன்றார்கள். வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டு பெரிய சோதனைகள் நடந்தன. சோதனைக்கு உட்பட்ட வீடுகளுக்கு மேம்பட்ட கழிப்பறை, கைகழுவும் வசதி, குளோரின் கலந்து தூய்மையாக்கிய குடிநீர் கிடைத்தன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. ஊட்டச்சத்து கொடுத்த குழந்தைகள் சிறிதளவு கூடுதலாக வளர்ந்தார்கள். கழிப்பறையாலும் நீராலும் கைகழுவுதலாலும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை; வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தும் வளர்ச்சி மாறவில்லை. நல்லெண்ணத்தோடு உழைத்தவர்களுக்கு இது வேதனையான செய்தி. தூய்மையால் பயனில்லை என்று அதைப் படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். முற்றத்தில் கோழி மேய்கிறது. அடுத்த வீட்டுச் சாக்கடை தெருவில் ஓடுகிறது. தவழும் குழந்தை மண்ணை எடுத்து வாயில் வைக்கிறது. ஒரு வீட்டின் எல்லைக்குள் செய்த திருத்தம் அந்தக் குழந்தையின் குடலுக்குப் போய்ச் சேரும் அளவுக்குச் சூழலை மாற்றவில்லை.

குழியின் அடியில் ஒரு செல் தன் அண்டையோடு சேர்ந்தல்லாமல் தன் நலத்தைத் தேடிக்கொள்ள முடியாதிருப்பதும், பல வீடுகள் சேர்ந்த ஊரில் ஒரு வீடு மட்டும் தனக்கென நலத்தை அமைத்துக்கொள்ள முடியாதிருப்பதும், அளவில் எவ்வளவு வேறுபட்டாலும், சார்ந்து வாழ்வதையே இயல்பாகக் கொண்ட உயிர்களுக்குச் சூழல் என்பது பிரித்து விற்கவோ வாங்கவோ முடியாத பொதுச்சொத்து என்ற ஒரே உண்மையின் இரு தோற்றங்களாகவே நமக்குத் தெரிகின்றன. அந்தச் சோதனைகளை நடத்தியவர்களும் பிறகு இதே திசைக்குத்தான் வந்தார்கள். வீட்டுக்கு வீடு எளிய வசதிகளைக் கொடுப்பதைத் தாண்டி, சூழல் முழுவதையும் தூய்மையாக்கும் பெரிய மாற்றம் வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். குழாயில் வரும் தூய நீர், ஊர் முழுவதும் மூடிய கழிவுநீர்த் தடம், விலங்குகளின் கழிவு குழந்தைகள் தவழும் இடத்துக்கு வராத ஏற்பாடு ஆகியவை ஒரு குடும்பம் கடன் வாங்கியோ ஒரு தொண்டு நிறுவனம் நன்கொடை திரட்டியோ செய்து முடிக்கக்கூடிய வேலைகள் அல்ல. நகராட்சியும் ஊராட்சியும் அரசும் பல ஆண்டுகள் பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை.